இரண்டு நீலப் படைகள்

"அது என் குதிரை. கீழ வை."

"உங்க குதிரையா? இதுவும் நீலம், அதுவும் நீலம். எதை வச்சு உங்களுதுங்கறீங்க?"

"கீழ வைடா முதல்ல."

சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. முன்னறையில் சண்டை போடுவது அவள் வீட்டுக்காரரும் அவள் தம்பியும். அவர்கள் முட்டிக்கொள்வது புதிதல்ல. வீட்டுக்காரர் வாயைத் திறந்து முட்டிக்கொள்கிறார் என்பதுதான் புதிது.

அவர் பெயிண்ட் கடையில் கவுன்ட்டரில் நிற்பவர். பக்கவாதம் வந்து, கை கால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் முரண்டு பிடித்தது. வார்த்தை தொண்டை வரை வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். திரும்பக் கடைக்குப் போன அன்று, இவர் ஒரு டப்பாவின் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டிலும் தலையாட்டல், கைஜாடை.

முதலாளி நல்ல மனிதர். ஆனாலும் அக்காவிடம் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள பேச்சு வரலைன்னா குடோனுக்கு மாத்திடறேம்மா. அங்க யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல."

அதுதான் அவளுக்குப் பயம். பேசவே தேவையில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால், இந்த மனுஷன் ஒரேயடியாக வாயைப் பூட்டிக்கொள்வார்.

விளையாட்டைக் கொண்டுவந்தது தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன். அந்தக் காலத்து ராஜாக்களின் படை. ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள், குதிரைக்காரர்கள், ஒவ்வொருவரும் சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் பொம்மை. சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணியை விரித்தால் போர்க்களம், துணிக்கடியில் புத்தகத்தைச் செருகினால் மலை. விதியும் ஒன்றும் கம்பசூத்திரமில்லை. பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை அணியை நகர்த்தலாம். மோதினால் இருவரும் உருட்டணும், சின்ன எண் விழுந்தவன் பின்வாங்கணும். அதோடு தம்பி தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தான்: ஆணையை வாய்விட்டுச் சொன்னால்தான் அணி நகரும்.

"விரலைக் காட்டினா எப்படி மாமா? மலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு உங்க விரலா தெரியும்? சத்தமா சொல்லுங்க."

"வி... வில்லு. முன்னாடி."

வாராவாரம் இப்படித்தான், பல்லைப் பிடுங்குவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக.

பொம்மைகளுக்கு வண்ணம் அடித்தது மாமா. கடையில் மிஞ்சிய பெயிண்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனித் தூரிகையால். இரண்டு படைக்கும் நீலம். அவர் கண்ணுக்கு அவை இரண்டு நிறங்கள், மற்றவர் கண்ணுக்கு ஒன்றுதான். இன்றைக்குத் தம்பி பகடையை உருட்டி, "குதிரையெல்லாம் பாலத்துக்கு" என்று மிடுக்காக ஆணையிட்டு, மாமாவின் குதிரைகளை எடுத்து மாமாவின் ஈட்டிக்காரர்கள் மேலேயே மோதவிட்டான்.

"சத்தியமா ஒரே நீலம்தான் மாமா. யாரை வேணா கூப்பிட்டுக் கேளுங்க."

"ஒரே நீலமா? உனக்கு எவன்டா லைசென்ஸ் கொடுத்தான்? இது மை நீலம், ஒரு சொட்டு சிவப்பு கலந்தது. அது ராத்திரி நீலம், அதுல ஒரு சொட்டு கறுப்பு. ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போய்ப் பாரு. டியூப்லைட்ல பார்த்து வாங்கிட்டு, நாளைக்குச் செவுரு வேற மாதிரி இருக்குன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."



அது கவுன்ட்டர் பேச்சு. கடையில் ஆயிரம் பேரிடம் சொன்ன பேச்சு. அக்கா ஈரக்கையோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். பேசியவரே திகைத்துப்போய், அந்த வார்த்தைகள் மேசைமேல் எங்காவது கிடக்கின்றனவா என்று பார்ப்பதுபோல் குனிந்திருந்தார்.

"என்ன பாக்கறே?" என்றார் அவளிடம். "உன் த... தம்பிக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணு."

திக்கத்தான் செய்தது. ஆனால் நிறுத்தவில்லை. ஆட்டம் முடிந்ததும் போனை அவரே எடுத்தார். "திங்கக்கிழமை வரேன் மொதலாளி. கு... குடோனுக்கு இல்ல. கவுன்ட்டருக்கு." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் முகம் மலர்ந்துவிட்டது.

தம்பி செருப்பு மாட்டும்போது அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ செஞ்சதுக்கு நான் என்னடா செய்யப்போறேன்?"

"நான் என்னக்கா செஞ்சேன்? நிஜமாவே எனக்கு வித்தியாசம் தெரியல. வேற கலர் அடிக்கச் சொல்லு, அது போதும்."

மாமா மாட்டேன் என்கிறார். நிறம் சரியாகத்தான் இருக்கிறதாம், மச்சினன் கண்தான் கோளாறாம். அதனால் இந்த மாதிரிக் குட்டிப் படைகளை வைத்து விளையாடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிறத்தை மாற்றாமல், பார்த்தவுடன் எது யார் படை என்று தெரிய என்ன அடையாளம் வைக்கலாம்? கொடியா, பொம்மை நிற்கும் அடிக்கட்டையில் ஒரு கோடா? தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குள் எழுதினால் மாமாவின் குதிரைகள் பிழைக்கும்.