நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது

வேலைநிறுத்தம் ஊர் முழுக்கப் பரவிய மாதத்தில் அந்த உத்தரவு வந்தது: பொது இடத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. எங்கள் அரங்கமும் பொது இடமா என்று கேட்கப்போன அரங்க மேலாளர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். பொது இடம்தானாம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டமில்லை, நின்றால்தான் கூட்டமாம். மீறினால் அரங்கத்துக்குப் பூட்டு.

நான் அமைத்திருந்த நடனத்தில் ஏழு பெண்கள். மூன்று பேரைக் கழித்துவிட்டால் தீர்ந்தது என்றார் மேலாளர், ஏதோ நகம் வெட்டச் சொல்வது மாதிரி. கழிக்கப்படும் முதல் ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் அண்ணி. நாற்பத்தெட்டு வயது, வலது முழங்காலில் வலி, பகலெல்லாம் தையல் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை. அவரே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் ஒதுங்கிக்கிறேன், சின்னப் பிள்ளைங்க ஆடட்டும்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். "ஒருத்தரும் ஒதுங்க வேண்டாம் அண்ணி. ஏழு பேரும் ஆடுறீங்க" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

உத்தரவை வாங்கி நானே வரி வரியாகப் படித்தேன். நிற்பதைத்தான் தடுத்திருந்தார்கள். உட்காருவதையும் விழுவதையும் தடுக்க மறந்துவிட்டார்கள். போதும் எனக்கு.

ஏழு பேரும் மேடையில் இருப்பார்கள், ஆனால் எந்த நொடியிலும் நான்கு பேர்தான் நிற்பார்கள். ஒருத்தி எழ வேண்டுமென்றால் இன்னொருத்தி தரையில் இருக்க வேண்டும். முன்பு அது வட்டமாகச் சுற்றிவரும், அழகான, கொஞ்சம் சோம்பேறியான நடனம். இப்போது விழுவதும் எழுவதுமாக அதற்கு உயிர் வந்துவிட்டது. கைதட்டித் தாளம் போடும் நானும் நின்றால் ஐந்தாகிவிடும் என்று மேடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணிக்கு விழுவதில் சிக்கலில்லை. எழுவதற்குத்தான் எட்டுத் தாளம் பிடித்தது, மற்றவர்களுக்கு இரண்டு. குழுவில் இளையவளைப் புயல் என்று கூப்பிடுவோம், அப்படி ஒரு வாய். "அண்ணி எழுந்து முடிக்கிறதுக்குள்ள உத்தரவையே வாபஸ் வாங்கிடுவாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணிதான் அதிகம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த எட்டுத் தாளத்தை அப்படியே கடைசியில் வைத்தேன். அண்ணி எழும்வரை மற்றவர்கள் அசையாமல் காத்திருக்க வேண்டும். பரிதாபப்பட்டுச் செய்ததல்ல. அதைவிட நல்ல இடம் அந்த நடனத்தில் கிடையாது.

ஒத்திகை பார்க்க ஓர் அதிகாரி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். அண்ணி பாதி எழுந்தபோது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது நிற்பதா, உட்கார்ந்திருப்பதா? மேலிடத்துக்குப் போன் போட்டார். முழங்கால் மடங்கியிருக்கும்வரை உட்கார்ந்த கணக்கு என்று தீர்ப்பு வந்தது. பிறகு, இப்படி விழுந்து விழுந்து எழுவதற்கு என்ன அர்த்தம், வேலைநிறுத்தக்காரர்களைச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

"அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாது சார். உங்க உத்தரவுதான் இந்த ஆட்டத்தை அமைச்சது" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

நிகழ்ச்சியன்று மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. அண்ணியுடன் வேலை செய்யும் பெண்கள் பின்வரிசைகளைப் பிடித்திருந்தார்கள். அதிகாரி நோட்டுடன் அதே முன்வரிசையில். கடைசிக் கட்டம்வரை அவருக்கு எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. நான்கு பேர் நிற்க, அண்ணி கையை ஊன்றி எழ ஆரம்பித்தார். ஐந்தாவது தாளத்தில் கை வழுக்கி, உட்கார்ந்துவிட்டார்.

நான் தாளத்தை நிறுத்தவில்லை. வாயாடிப் புயல்கூட இமைக்காமல் நின்றாள். அண்ணி மறுபடி கையை ஊன்றினார். பதினாறாவது தாளத்தில் புயல் தரையில் அமர, அண்ணி முழங்காலை நிமிர்த்தி நின்றார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எழுந்து நிற்கத்தான் யாருக்கும் வழியில்லை. அப்போது பின்வரிசையில் நான்கு பெண்கள் மட்டும் எழுந்தார்கள். நின்று தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்தில் அடுத்த நான்கு பேர் எழுந்தார்கள்.

அதிகாரி திரும்பி அவர்களைப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார். அங்கே நான்கு, இங்கே நான்கு, ஆக எட்டு. அவர் பேனாவைத் திறந்தார். எனக்கு உறைக்கும் முன்பே அண்ணிக்கு உறைத்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டு எழுந்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி தரையில் உட்கார்ந்தார்.

"உக்காருங்கடி. இப்ப அவங்க முறை" என்றார்.

ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான்கு நான்கு பேராக முந்நூறு பேரும் எழுந்து முடிக்கும்வரை நாங்கள் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அதிகாரி கடைசி ஆள்வரை எண்ணினார். அதன்பிறகு ஒரு முறைகூட ஐந்து வரவில்லை.