மீன் கடிக்காத நேரம்

தக்கை ஆடுகிறது, லேசாக ஒரு பக்கம் சாய்கிறது, நிமிர்கிறது, மறுபடி சாய்கிறது, அதைப் பார்க்க வேண்டிய கண் கையிலிருக்கும் போனுக்குள் கிடக்கிறது, பாறைக்குப் பாறை இப்படித்தான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், இந்தக் காலத்து ஆட்களுக்கு ஆற்றுக்கு வந்தாலும் ஆறு வேண்டாம், இன்றைக்கு மீன் கடிக்குமா என்று போனைக் கேட்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் என்று போனைக் கேட்கிறார்கள், விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடித்தால் தெரிந்துபோகிற காரியம், பிடித்த மீனைப் பையில் போடும் முன் படம் எடுக்கிறார்கள், அது துடிக்கிறது, இவன் பல்லைக் காட்டுகிறான், மேலே ஆற்றை மறித்துக் கட்டிய கதவணையில் தண்ணீர் திறந்தால் அதையும் போனே சொல்லிவிடுமாம், சொல்லும், சொல்லும், அந்தக் காலத்திலும் சொல்லத்தான் செய்தார்கள், சைரன் ஊதாமல் கதவைத் தூக்கமாட்டோம் என்று.

நல்ல நேரம் எனக்குத் தெரியாமல் இல்லை. புதுத்தண்ணீர் வந்த அன்றைக்கு மீன் கடிக்காது, செம்மண் கலங்கலில் கண் தெரியாமல் அலையும், கலங்கல் அடங்கித் தண்ணீர் டீக்கடை டீயின் நிறத்துக்கு வரும்போதுதான் அதற்குப் பசி எடுக்கும், கதவணையை மூடியிருக்க வேண்டும், தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், இறங்குகிற தண்ணீரில் மீனெல்லாம் பாறை இடுக்குக் குழிகளுக்கு வந்து சேரும், மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்க வேண்டும், கிழக்கேயிருந்து கீழ்க்காற்று என்றால் தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், வெயில் கூடாது, மேகம் மூடித் தூறலா இல்லையா என்று தெரியாத ஓர் ஈரம் இருந்தால் போதும், பௌர்ணமியை ஒட்டி வேண்டாம், நிலவு வெளிச்சத்தில் விடிய விடியத் தின்றுவிட்டுப் பகலில் வயிறு முட்டிக் கிடக்கும், கலங்கலுக்கு மண்புழு, தெளிந்த தண்ணீருக்கு ராகிக்களி உருண்டை. இதெல்லாம் கூடி வருகிற சாயங்காலம் ஆடியில் எப்போதாவது வரும், வருகிற அன்றைக்கு நான் ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நான் போவது உச்சிப்பொழுதில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், தரை தெரியத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும்போது, கீழ்க்காற்று முகத்தில் அறையும்போது. மீன் வராது, வரவேண்டாம், தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது அசையாமல் நிற்கும், அசையாமல் நிற்கிறவரைக்கும் மேலேயிருந்து ஒன்றும் புறப்படவில்லை என்று அர்த்தம், ஊரில் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகிறேன்.

வெகு வருசத்துக்கு முன்னால், கூலி உயர்வு கேட்டு ஊரில் தறியெல்லாம் நின்றிருந்த ஆடி அது, நானும் என் தம்பி அங்கமுத்துவும் தறி ஓட்டுகிறவர்கள், தறி நின்றால் எங்களுக்கு ஆறுதான், நான் கரையோரப் பாறையில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் நடு ஆற்றில், அங்கேதான் பெரிய மீன் கிடக்கும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு, மேகம், மேல்காற்று, டீ நிறத் தண்ணீர், எல்லாம் இருக்கிறது, முதலில் ஒரு கெளுத்தி வந்தது, கொஞ்சம் கழித்துக் கெண்டை, பிறகு போட்ட மாத்திரத்தில் இழுக்கிறது, புழு கோக்க நேரமில்லை, வெறும் முள்ளைக்கூடக் கவ்வுகிறது, அவன் அங்கிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறான், நான் இங்கிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறேன், அந்த மாதிரி ஒரு கடி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இன்றைக்கு வரைக்கும் பார்த்ததில்லை, காலில் ஏதோ சில்லென்று பட்டது, குனிந்து பார்க்கிறேன், நான் காலை வைத்திருந்த இடத்தில் பாறை இல்லை, தண்ணீர் இருக்கிறது, பூனை மாதிரி ஏறியிருக்கிறது. நான் கரையைப் பிடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவன் இடுப்பளவில் நிற்கிறான், தூண்டிலை விடவில்லை, வாய் அசைகிறது, இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வாய் அசைகிறது, அண்ணா என்கிறானா, வேறு எதையாவது கேட்கிறானா, கனவில் ஒவ்வொரு தடவையும் கிட்டே போய்ப் பார்க்கிறேன், கிட்டே போகப் போகத் தறிச்சத்தம்தான் வருகிறது, தடதடவென்று, கூடம் முழுக்கத் தறி ஓடுகிறது, தறிக்கு நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் அவன் நிற்கிறான். கீழ்க் கதவணையில்தான் அவனை எடுத்தோம்.

சைரன் ஊதினோம் என்றார் கதவணை அதிகாரி, அவர் சொல்லத்தான் செய்வார், அது அவர் உத்தியோகம். அப்புறம் டீக்கடையில் இருந்தவர்கள் ஊதியது என்றார்கள், படித்துறையில் துணி துவைத்த பொம்பளைகள் ஊதியது என்றார்கள், எல்லாரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறீர்கள் என்று நான் சத்தம் போட்டேன், ஏனப்பா, தறிச்சத்தத்துல உனக்குக் காது மந்தமாயிருக்கும், அதுக்கு ஊரையே பொய்யனாக்குறயா என்று ஒருத்தன் கேட்டான், எனக்கா காது மந்தம், அத்தனை தறிக்கு நடுவில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வேன், அன்றைக்கு ஊதவில்லை, ஊதியிருந்தால் கேட்டிருக்கும். ஒன்று மட்டும் எனக்கு விளங்கியது, தண்ணீர் வருவது மனுசனுக்குத் தெரிவதற்கு முன்னால் மீனுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் பேய் பிடித்தமாதிரிக் கடித்தது, ஆகவே கடிக்கிற நேரம் நல்ல நேரம் இல்லை, கடிக்காத நேரம்தான் நல்ல நேரம், அதற்குப் பிறகு இந்த ஊரில் யார் வாய்ப்பேச்சையும் நான் எடுத்துக்கொண்டதில்லை.

கோகிலவாணி எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள், சித்தப்பாவை அவளுக்குச் சுவரில் மாட்டிய படமாகத்தான் தெரியும், அவள் அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான், இந்தத் தையில் அக்கரை ஊரில் கட்டிக்கொடுத்தேன், கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் ஆடி, தலையாடி என்று இரண்டு பேரையும் அழைத்து வந்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை பேர் மோகனராஜ், ஈரோட்டில் ஏதோ ஷோரூமில் வேலை, வந்த அன்றே கேட்டார், மாமா, ஆத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததில்ல, எப்பப் போனா மீனு நல்லாக் கடிக்குமுங். நான் யோசிக்கவே இல்லை, உச்சிப்பொழுதுல போங்க மாப்பிள்ளை, வெயில் நல்லா ஏறோணும், தண்ணி தெளிஞ்சு தரை தெரியோணும் என்றேன். அவரும் நம்பிப் போனார், அடுத்த நாளும் போனார், முகமெல்லாம் கறுத்து வெறும் பையோடு திரும்பி வருகிறார், பரிசல் ஓட்டுகிற வையாபுரி துறையில் நின்று பார்த்துவிட்டு, ஏனுங் தம்பி, மீன் புடிக்கப் போனவரு நீங்களே கருவாடாத் திரும்பறீங்க, உங்க மாமனார் உங்களைக் காயப்போட்டுட்டாருங் என்றிருக்கிறான். துறை முழுக்கச் சிரிப்பு. கோகிலா என்னிடம் சண்டைக்கு வந்தாள், ஏனுங்ப்பா, வூட்டுக்கு வந்த மனுசனை இப்படியா பண்றது, மீனெல்லாம் உங்களுக்கே வேணும்னா வெச்சுக்கோங்க, பொய் சொல்லி அவரை எதுக்கு வெயில்ல உக்கார வெக்கோணும். பொய்யில்ல அம்மிணி, எனக்குத் தெரிஞ்ச நல்ல நேரத்தைத்தான் சொன்னேன் என்றேன், தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போனாள், மாப்பிள்ளை அன்றையிலிருந்து என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் கட்டிலில் படுத்திருக்கிறேன், தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, தறி ஓடுகிறது, அவன் நிற்கிறான், முகத்தில் காற்று மாறி அடிக்கிறது, மேல்காற்று, எழுந்து வெளியே வந்தால் வெயில் எங்கே போனது என்று தெரியவில்லை, மேகம் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது, தூறலா இல்லையா என்று சொல்லமுடியாத ஈரம், மேலே கதவணையை மூடித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று காலையில்தான் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை எங்க அம்மிணி என்றேன். ஆத்துக்குப் போயிட்டாருங்ப்பா, இன்னிக்குத்தான் நல்லாக் கடிக்கும்னு வையாபுரி அண்ணன் சொன்னாராம், நீங்க தூங்கறீங்கன்னு எழுப்புல. செருப்பைத் தேடினேனா, போட்டேனா, தெரியாது, படித்துறைக்கு வந்து நிற்கும்போது வெறுங்கால்.

நடு ஆற்றில் உட்கார்ந்திருக்கிறார். அதே பாறை என்று சொல்லமாட்டேன், இத்தனை வருசத்தில் மணல் போய் எத்தனையோ பாறை வெளியே வந்துவிட்டது, ஆனால் அதே இடம்தான், தண்ணீர் அதே டீ நிறம்தான், தூக்குகிறார், கழற்றுகிறார், போடுகிறார், தூக்குகிறார், பக்கத்துப் பாறைகளிலும் அப்படித்தான், புழு கோக்க நேரமில்லாமல் வெறும் முள்ளைப் போடுகிறான் ஒருவன், அதையும் கவ்வுகிறது. மாப்பிள்ளை என்று கூப்பிட்டேன், எழுந்து வாங்க என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை, டேய் மோகனா, எந்திரிச்சு வாடா என்று கத்தினேன், பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்த வையாபுரி நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பாறைகளில் இருந்தவர்களும் பார்த்தார்கள், இவர் மட்டும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன், முழங்கால், தொடை, அடியில் பாசி வழுக்குகிறது, கால் நான் சொல்வதைக் கேட்பதில்லை, ஏனுங் பெரியவரே, இந்த வயசுல நீச்சப் போட்டியா என்று ஒருத்தன் குரல் கொடுக்கிறான், பாறையில் கைவைத்து ஏறித் தோளைத் தொட்டதும் மாப்பிள்ளை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். எப்பங் மாமா வந்தீங்க, பாருங், ஒரு நிமிசம் சும்மா விடமாட்டீங்குது. எந்திரிங்க போலாம் என்றேன். இப்பத்தானுங் சூடு புடிக்குது. அதனாலதான் சொல்றேன், எந்திரிங்க. தண்ணி தொறந்தா போனுக்கு மெசேஜ் வந்துருமுங் மாமா, சைரனும் ஊதுவாங்க, நீங்க எதுக்குங் பயப்படறீங்க என்றார், சொல்லும்போதே தக்கை முழுகியது, கை தானாகப் போய்த் தூக்கியது, நல்ல பெரிய கெண்டை. சரி, அப்ப நானும் இங்கயே இருக்கறேன், வாரது ரெண்டு பேருக்கும் சேந்தே வரட்டும் என்று பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் நனைந்த வேட்டியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு நரம்பைச் சுற்றினார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டவர் கரை வரைக்கும் விடவில்லை, பையில் மீன் துடிப்பது என் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

படித்துறையில் உட்கார்ந்தோம். இப்பத் தண்ணி வரும் பாருங்க என்றேன், அவர் உட்கார்ந்திருந்த பாறையைப் பார்த்தேன், பாறையின் விளிம்பில் ஓர் ஈரக்கோடு, அது ஏறுகிறதா என்று பார்த்தேன், ஏறவில்லை, கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது, பாறைகளில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், ஒருத்தன் பை நிறைந்து துண்டில் முடிந்தான். வையாபுரி தார்ச்சட்டியோடு வந்து நின்றான், மாப்பிள்ளையை டேய் போட்டுக் கூப்பிட்ட மாமனாரை இன்னிக்குத்தானுங் பாக்கறேன், தம்பியும் என்ன பொறுமைங், காதுலயே வாங்கலியே என்றான். மாப்பிள்ளை அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமா கூப்புட்டாருங்களா. ஏனுங் தம்பி, அக்கரைக்கே கேட்டிருக்கும், உங்களுக்குக் கேக்கலீங்களா என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். இருட்டவில்லை, வெளிச்சம் மட்டும் மங்கியது, மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், மாமா, தப்பா எடுத்துக்காதீங், உங்க தம்பி போன அன்னிக்கு எங்கப்பா அக்கரையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தாராம், சைரன் ஊதுச்சுன்னு சொல்லுவாருங், கல்யாணப் பேச்சு வந்தப்ப இதை உங்ககிட்ட எடுக்க வேண்டாம்னு சொல்லி வெச்சிருந்தாரு. அப்ப நான் பொய் சொல்றனா என்றேன். நீங்க பொய் சொல்லலீங் மாமா, அவரும் பொய் சொல்லலீங், இன்னிக்கு நீங்க அத்தனை கிட்ட நின்னு பேரைச் சொல்லிக் கூப்புட்டிருக்கீங்க, எனக்குச் சத்தியமாக் கேக்கலீங், மீன் அந்தக் கடி கடிக்கறப்ப மனுசனுக்குக் காது எங்கீங் இருக்குது.

நல்ல பையன்தான், குரலில் ஒரு குத்தலும் இல்லை, இனி நடு ஆத்துக்குப் போகலீங், கரையில இருந்தே போடறேன், கோகிலாகிட்டயும் சொல்லீருங்க என்றார். எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், இக்கரையில் சொன்னார்கள், இப்போது அக்கரையிலிருந்தும் சொல்கிறார்கள், இத்தனை பேர் ஒரே மாதிரிச் சொன்னால் அது நிஜமாகத்தான் இருக்கும் என்று இவர் நினைக்கிறார், அப்படியென்றால் நான் அன்றைக்கு எங்கே இருந்தேன், என் காது எங்கே போயிருந்தது, தம்பியின் வாய் அசைந்தபோது அவனுக்கு மட்டும் சைரன் கேட்டுக்கொண்டிருந்ததா, இதையெல்லாம் இந்தப் பையனிடம் கேட்கமுடியுமா. வேட்டியைப் பிழிந்துவிட்டு எழுந்தேன். இருங் மாமா, சேந்தே போலாம் என்றார், மீனைக் கழுவோணுமல்ல, கழுவிட்டு வாங்க என்றேன். நாலு படி ஏறித் திரும்பினால் அதற்குள் இருட்டத் தொடங்கியிருக்கிறது, பாறைக்குப் பாறை ஒருவன் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான், போன் வெளிச்சத்தில் வாய் மட்டும் தெரிகிறது, ஒவ்வொரு வாயும் அசைகிறது, சிரிக்கிறார்களா கூப்பிடுகிறார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை. மேலே கதவணைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, நின்று கேட்டேன், இல்லை, சத்தம் இல்லை என்பதற்காக ஒன்றும் வரவில்லை என்று ஆகிவிடுமா, ஆகாது, வீட்டைப் பார்த்து நடந்தேன்.