கேட்காமல் கொடுத்த நோட்டு

வரி அலுவலகத்திலிருந்து தணிக்கைக் கடிதம் வந்தால் எந்த வியாபாரிக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். அச்சகக்காரரோ அந்தக் கடிதத்தைப் பரிசளிப்பு விழா அழைப்பிதழ் மாதிரி நாலு பேரிடம் காட்டிக்கொண்டு திரிந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வேலை விடாமல் பில் போட்டு, ஒரு காசு விடாமல் வரி கட்டியவர். அதை ஒருத்தனும் மதிக்கவில்லை என்ற குறை அவருக்கு நெடுநாளாக உண்டு. இப்போதுதான் விஷயம் தெரிந்தவர்கள் பார்க்க வருகிறார்கள்.

அவரைத் துளியும் மதிக்காதவன் அவர் மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி மெத்தைக் கடை வைத்திருந்தான். "மாமா மாதிரி வியாபாரம் பண்ணினா நானும் தரையிலதான் படுக்கணும்" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பான். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். தாயில்லாமல் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, அவன் எது சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புத்தான். அச்சகக்காரருக்கு மட்டும் சாப்பாடு இறங்காது.

அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலை அடித்தாலும் அதில் ஒரு தாளை எடுத்து, மனைவி ஓரம் வெட்டி, பசை தடவி, தடித்த நோட்டு ஒன்றில் ஒட்டுவாள். யாருக்கு, எத்தனை, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று பக்கத்திலேயே எழுதுவாள். கீழே அவர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அடித்தது சரியில்லை என்று எவனாவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக ஆரம்பித்த நோட்டு அது. நாளடைவில் அதற்குத் தனி அலமாரியே வந்துவிட்டது. கடைத்தெருவில் பாதிப் பேருக்குப் பில் புத்தகம் அடித்துக் கொடுப்பது அவர்தான்.

தணிக்கைக்கு ஒரு பெண் அதிகாரியும் ஓர் உதவியாளரும் வந்தார்கள். தாள் வாங்கிய ரசீது, மை வாங்கிய ரசீது, விற்பனைக் கணக்கு என்று மூன்று வருஷத்தையும் புரட்டினார்கள். மதியத்துக்குள் கோப்பை மூடிவிட்டார் அதிகாரி.

"எல்லாம் சரியா இருக்கு சார். நாங்க கிளம்பறோம்."

அச்சகக்காரருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷ ஒழுக்கத்துக்கு இவ்வளவுதானா? வேலை முடிந்த பிளம்பரிடம்கூட இதைவிட நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவார்களே.

"இருங்க மேடம், ஒண்ணு காட்டறேன்" என்று அலமாரியைத் திறந்தார்.

தாள் வெட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. "என்னங்க, அவங்களுக்கு நேரமாகுது பாருங்க" என்றாள். கண்ணாலும் சொன்னாள்.

"நீ சும்மா இரு. வந்தவங்க முழுசாப் பாத்துட்டுப் போகட்டும்."

அதிகாரி மரியாதைக்குத்தான் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

"இந்த மெத்தைக் கடைக்கு ஆயிரத்து ஒண்ணுலேருந்து ஆயிரத்து ஐநூறு வரைக்கும் பில் புத்தகம். அதே தேதியில, அதே நம்பர்ல இன்னொரு செட். இது எதுக்கு சார்?"

"அப்படித்தான் கேட்டாங்க. எதுக்குங்கிறது அவங்க விஷயம் மேடம். ஆனா ரெண்டு செட்டுக்கும் நான் தனித்தனியா பில் போட்டிருக்கேன். ரெண்டுக்கும் வரி கட்டியிருக்கேன். எதையும் மறைக்கலை."

ஒன்று வரி அலுவலகத்துக்குக் காட்ட, மற்றது கணக்கில் வராமல் கல்லாவோடு முடிந்துபோக. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. தன் கை சுத்தம் என்பதோடு அவருடைய யோசனை முடிந்துவிடும்.

அதிகாரி மறுபடியும் உட்கார்ந்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். உதவியாளர் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்றதும் அச்சகக்காரரே நோட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். பத்தாவது பக்கத்தில்தான் அவருக்கு உறைத்தது. அதற்குமேல் நோட்டை மூடவும் முடியவில்லை. இப்படி இரட்டைச் செட் அடித்தது மொத்தம் நாற்பத்தொரு கடைக்கு.

"உங்களை மாதிரி ரெக்கார்டு வெச்சிருக்கிறவங்களை நான் பாத்ததே இல்லை சார்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. அச்சகக்காரர் ஏங்கிக் கிடந்த பாராட்டு அது.

மூன்று வாரத்தில் அவருடைய கணக்கில் குறையில்லை என்று கடிதம் வந்தது. இனி ஒரே எண்ணில் இரண்டு செட் அடிக்கக்கூடாது என்று கடைசியில் ஒரு வரி. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். பார்க்கத்தான் ஆள் இல்லை. கடைத்தெருவில் அவரைக் கண்டதும் ஷட்டரை இழுத்துவிட்டவர்கள்கூட உண்டு. மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பார். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்பதற்குமேல் அவள் வாயைத் திறப்பதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. கொண்டுவந்தவன் மச்சினன். மெலிந்திருந்தான். அபராதம் கட்டக் கடையை விற்கிறான் என்று ஊர் பேசியது உண்மைதான். மேஜைமேல் ஒரு துண்டுத்தாளை வைத்தான். 'கடை காலி செய்கிறோம். எல்லா மெத்தைகளும் பாதி விலையில்.'

"ஆயிரம் நோட்டீஸ் அடிக்கணும் மாமா."

அச்சகக்காரர் துண்டுத்தாளை இரண்டு தரம் படித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "காசெல்லாம் வேண்டாம்டா" என்றார்.

"வேண்டாம் மாமா, பில் போட்டே குடுங்க. ஒரே செட் போதும்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் நோட்டீஸ் கட்டை வாங்கிக்கொண்டு அவன் போன பிறகு, மனைவி ஒரு நோட்டீஸை எடுத்தாள்.

"அதை ஒட்டவேண்டாம், விடு" என்றார்.

அவள் விடவில்லை. எப்போதும்போல ஓரம் வெட்டினாள், பசை தடவினாள், சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவி ஒட்டினாள். யாருக்கு என்ற இடத்தில் தம்பியின் கடைப் பெயரை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நிதானித்தது. பிறகு நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க. ஊர்க் கணக்கையே எடுத்துக் காட்டினீங்க, இதுல மட்டும் என்ன கூச்சம்."

அவர் மேஜைமேல், இழுப்பறையில், தாள்களுக்கு அடியில் எல்லாம் பேனாவைத் தேடினார். பச்சை மைப் பேனா அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.