வெதுவெதுப்பான ப்ளக் போர்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கருவாட்டு வாடையில் பிறந்தது. ஆடி மாத மழையில், போடிமெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். உள்ளே நுழைந்ததும், "யார் வீட்டுல மதினி கருவாடு சுடுறாக?" என்று கேட்டேன்.

"அழகுத்தாய் வீடா இருக்கும்," என்றாள் அண்ணன் மனைவி கத்தரீனாள்.

பக்கத்து வீட்டு அழகுத்தாய் ஊரிலேயே இல்லை. வாடை வந்தது எங்கள் சுவரில் இருந்த ப்ளக் போர்டிலிருந்து.

(வயரின் மேலுறை சூட்டில் கருகினால் சில நேரம் மீன் வாடைதான் அடிக்கும். மீன் வாங்காத வீட்டில் அந்த வாடை வந்தால் பூனையை விரட்டாதீர்கள், ப்ளக்கைப் பாருங்கள்.)

2

தொடக்கம் சரியாக வரவில்லை. முதல் வரைவு இது: "மலைச்சரிவில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு—" சீ, போதும். பனி இல்லாத நாளை அங்கே பிறந்தவள் எங்கே பார்த்தாள்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "என் அண்ணன் சூசையப்பன் ஒரு—" ஒரு என்ன? எலக்ட்ரீஷியன் இல்லை. ஃபாக்டரியில் இலை உலர்த்தியவன். ஆனால் சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டான். கம்பெனி கொடுத்தது ஒரு பல்புக்கான வயர். அதிலிருந்தே இழுத்து இழுத்து, என் சடங்குக்கு டிவி, அவன் கல்யாணத்துக்கு மிக்ஸி, மகன் பிறந்ததும் வெந்நீர் போட ஹீட்டர் என்று சேர்த்துக்கொண்டே போனான். வீட்டில் ஒரு நல்லது நடந்தால் பலகையில் ஒரு ப்ளக் ஏறும்.

* இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்யாதீர்கள். ஹீட்டரும் இஸ்திரிப்பெட்டியும் ஒரே ப்ளக்கில் உட்காரக் கூடாது. பல்பு வயருக்கு அந்த பாரம் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் லயமே எங்கள் வீட்டுக்குத் துணி தேய்க்க வரும். இஸ்திரிப்பெட்டியைப் போட்டதும் பல்பு மங்கும். "பல்பு அழுதாத்தான் பெட்டி சிரிக்கும்," என்பான் அண்ணன். இப்போதும் எங்காவது பல்பு மங்கினால் அண்ணன் சிரிக்கிறானா என்று திரும்பிப் பார்க்கிறேன். அது வயர் தாங்காமல் தவித்த வெளிச்சம் என்று இதை எழுதுகிற அஞ்சுவாகிய எனக்குத் தெரியும். அவன் தங்கச்சி அஞ்சுவுக்கு அது தெரிய வேண்டாம்.

3

இனி சங்கடமான பகுதி. மழைக்காலத்தில் மலையில் எல்லாமே நமத்துப் போகும்: உப்பு, தீப்பெட்டி, பள்ளிக்கூடத்து சாக்ஸ். ப்ளக் போர்டு மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் தீப்பெட்டியை அதன் மேல் வைப்பது எங்கள் லயத்து வழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் இருட்டில் கை தானாக அங்கேதான் நீளும். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டது போல என்பார்களே, நாங்கள் அதைச் சுவரில் ஆணியடித்து வைத்திருந்தோம். அந்தச் சூடு கோளாறு என்று யாருக்கும் உறைக்கவில்லை. வசதி என்றுதான் நினைத்தோம்.

அண்ணன் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். அதிலிருந்து மதினி காலையில் எழுந்ததும் அந்தப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கதகதப்பான மூலை என்று பேரக்குழந்தைக்குத் தொட்டிலையும் அங்கேயே கட்டியிருந்தாள்.

மதினியின் மருமகள் செல்வப்பிரியா (வீட்டில் செல்வி) ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறவள். "அங்கெல்லாம் ப்ளக்கு சுட்டாலோ கறுத்தாலோ மெயினை அமத்திட்டு ஆளைக் கூப்பிடணும் சித்தி," என்றாள் என்னிடம். "வயரிங் பண்ற ஜெகன் அண்ணன் வந்து பாத்துட்டு மொத்தத்தையும் மாத்தணும்னாரு. அத்தை வாசல்லயே மறிச்சுட்டாக."

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவுக கைபட்டதுன்னு இந்த வீட்டுல மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான். சுட்டா சுடட்டும். எனக்கு ஒரு பேடியும் பயமும் இல்ல."

"பிள்ளைக்கு?" என்றேன்.

தொட்டிலை இடம் மாற்றினோம். ஒற்றை அறையில் எங்கே மாற்றினாலும் பக்கம்தான். தீப்பெட்டியை நான் எடுத்து அடுப்படியில் வைத்தேன். நான் கிளம்புவதற்குள் அது மறுபடியும் போர்டு மேலே ஏறியிருந்தது.

4

முடிவுகள்.

அ) மதினி மனம் மாறுகிறாள். ஜெகன் வருகிறார். புது வயர், எர்த், கரண்ட் கசிந்தால் தானே அணையும் ட்ரிப்பர். எல்லோரும் சிரிக்கிறார்கள். (கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. நானே நம்பவில்லை.)

ஆ) மதினி மாறவில்லை. ஹீட்டரும் இஸ்திரிப்பெட்டியும் சேர்ந்து ஓடுகிற ஒரு காலையில் போர்டு கருகி, தீப்பெட்டி பற்றி, தொட்டில் சீலை—

மேலே கை ஓடவில்லை. யாரைக் கேட்பது? கதாபாத்திரத்தையே கேட்டுவிடலாம் என்று நேற்றுக் காலை போன் போட்டு, இரண்டாம் முடிவை மதினிக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏட்டி அஞ்சு, கதையில என் வீட்டுக்கே கொள்ளி வச்சுட்டியா?" என்று முதலில் சிரித்தாள். "சரி, சீலையில தீப்பிடிச்சது. அப்புறம்?"

"அதோட நிக்குது மதினி."

"பிள்ளையத் தூக்குனாகளா இல்லியா?"

"அந்த வரி இன்னும் எழுதல."

"எழுதாத. எழுதிராத, ஆமா." பிறகு போனை விலக்கிவைத்துக் கத்தினாள்: "செல்வி! மெயினை அமத்து! இப்பவே! ஜெகனை வரச் சொல்லு!"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. எனக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

5

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். மதினி போனை வைக்கவில்லை.

"அஞ்சு, அமத்தியாச்சு. இனி பலகையைத் தொடலாம்ல?"

"தொடலாம் மதினி. மேலாக மட்டும்."

"சூடு இருக்கு," என்றாள். "ஜெகன் வார வரைக்கும் இருக்குமா?"

இருக்காது. அந்த மழைக் குளிரில் அது சீக்கிரமே ஆறிவிடும். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். என் பதிலை இந்தக் கதையில் "இருக்கும் மதினி" என்று எழுதி அடித்தேன். "இருக்காது" என்று எழுதி அதையும் அடித்தேன். நீங்கள் யாரையாவது பறிகொடுத்தவராக இருந்தால் எனக்குப் பதிலாக நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஒரு கையில் போனும் ஒரு கை பலகையிலுமாக அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.