வனத்து அந்தோணியாரின் கறுத்த தாடி

எங்கள் மலையூர் மொந்தெரோல்லாவில் பிந்தோ என்று ஓர் ஓவியர் இருந்தார். மலைக்கு அந்தப்பக்கம் அவர் பெயரைக் கேட்டவர்கள் கிடையாது. மாதா, வானத்துச் சம்மனசு, யூதாஸ் என்று யாரை வரைந்தாலும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் போல இருப்பார்கள்: நீண்ட மூக்கு, தூக்கம் கலையாத கண். ஆனால் ஒரு பன்றியை வரைந்தாரானால், கண்ணுகளா, அதற்குக் கொஞ்சம் தவிடு வைக்கலாமா என்று உங்களுக்கே தோன்றும்.

பெட்டி மூடிச் சித்திரமும் சின்னப் பலகைப் படமுமாகவே அவர் காலம் போனது. தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் கோயிலில் ஒரு சுவர் கிடைத்தது. ஆடுமாடுகளைக் காக்கும் கிழத் தவசி வனத்து அந்தோணியாரையும், அவர் காலடியில் நிற்கும் பன்றியையும் வரைய வேண்டும். சுவரைப் பூசியவர் என் வீட்டுக்காரர் நுத்தோ. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைந்துவிட வேண்டும். காய்ந்தால் நிறம் பிடிக்காது.

"தாடிக்கு அந்த ஈயவெள்ளைய அப்பாத பிந்தோ. சுண்ணாம்பு வெள்ளை போடு. ஈயம் சுவத்துல கறுத்துப்போவும்."

"பலகையில இத்தனை வருஷமா போடறேன், ஒண்ணாவது கறுத்துச்சா? பாருங்கண்ணே, பனி மாதிரி பளிச்சுன்னு இருக்கு!"

"பலகை வேற, சுவரு வேற."

"நீங்க பூசுற வேலையப் பாருங்கண்ணே."

பனி மாதிரிதான் இருந்தது. மறு அந்தோணியார் திருநாளுக்குள் சாம்பல் நிறமானது. அதற்கடுத்த திருநாளுக்குத் தாடி கரிச்சட்டி. தள்ளாத வயதுத் தவசி, பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை போல நின்றார்.

ஊற்றடியில் பெண்கள் விடுவார்களா? "பிந்தோ, அந்த வெள்ளையில எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கை பூசி விடேன், இளசாகட்டும்!" பிந்தோ புழக்கடைச் சந்து வழியாகவே நடமாடத் தொடங்கினார்.

சுவர் வேலையைக் கொடுத்த அந்தோணியார் சபைக்குத் தலைவர் கம்பளி வியாபாரி லாந்தோ. அந்த வருஷ அறுவடைக்குப் பிறகுதான் அவர் நெல்லா என்ற இளம்பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டியிருந்தார். கட்டிய மாதத்திலேயே அவருடைய வெள்ளைத் தாடியும் கரும்பழுப்பாகிவிட்டது. சாயத்துக்கு வால்நட் தோலை வேகவைத்த வாசம் அவர் வீட்டிலிருந்து வந்ததும், அவர் நகக்கண்ணில் கறை இருந்ததும் ஊருக்கே தெரியும். பெரிய மனிதர், யார் சொல்வது?

அந்தத் திருநாளன்று ஆடு, கழுதை, பன்றி எல்லாவற்றையும் குருவானவரிடம் மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுவந்திருந்தோம். லாந்தோ சுவர் முன்னால் போய் நின்றார்.

"இதுவா அந்தோணியாரு? நாளைக்கே கொத்தி எறிங்க. பெருஜியாப் பட்டணத்துலேருந்து நல்ல ஆளாக் கூப்பிடறேன்."

பிந்தோ தொப்பியைக் கையில் எடுத்துக் கசக்கினார். அது அவருக்கு முதல் சுவர். அது போனால் இனி ஒருவரும் சுவர் தரமாட்டார்கள்.

"ஐயா, தாடிய மட்டும் கொத்திப் பூசி, புதுசா வரைஞ்சு தர்றேன். பன்னிய விட்டுடுங்கய்யா."

"முழுசையும் கொத்தணும்! நரைச்ச தாடி திடீர்னு கறுத்தா அது பித்தலாட்டம்யா. ஊரை ஏமாத்துற வேலை!"

கூட்டம் சுவரிலிருந்த தாடியைப் பார்த்தது. பிறகு மெதுவாக லாந்தோவின் தாடியைப் பார்த்தது. நெல்லாதான் முதலில் களுக்கென்று சிரித்தாள்.

"அப்ப இவரையும் சேத்துக் கொத்திடுங்கப்பா!"

அவ்வளவுதான், கழுதைகள் மிரளும்படி ஊர் சிரித்தது. குருவானவர் தீர்த்தச் சட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார். லாந்தோவின் கை தானாகத் தாடிக்குப் போனது.

"சாமிக்கு என்ன தாடி வேணும்னு சாமிக்குத் தெரியாதா? கிடக்கட்டும் விடுங்க," என்று முனகிவிட்டு நடந்தார். நெல்லா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறவில்லை.

சுவர் தப்பியது. அடுத்த வாரம் பிந்தோ ஒரு பாலாடைக்கட்டி உருண்டையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"அண்ணே, அந்தச் சுண்ணாம்பு வெள்ளைய எப்படிப் பண்றது?"

"நீ வரையற வேலையப் பாரு தம்பி," என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, பாலாடைக்கட்டியை வாங்கிக்கொண்டு, சுண்ணாம்புத் தொட்டி இருக்கும் பக்கம் அவரை அழைத்துப் போனார்.