ஹாலுக்கு வந்த நண்டு

பஸ் டிரைவருக்குக் கல் பைத்தியம். அலமாரி நிறைய கல், கட்டிலுக்கடியில் கல், போன மாதம் செருப்புப் பெட்டிக்குள்ளும் கல் குடியேறிவிட்டது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள். ஆனால் சுண்ணாம்புக்கல்லில் பதிந்து கல்லாகிப்போன ஆற்று நண்டு ஒன்றை வாங்கிவந்து, "இது மட்டும் ஹால்ல இருக்கட்டும்மா, வர்றவங்க பாக்கணும்" என்று அவர் கேட்டபோது ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"செத்ததை நடு வீட்டுல வைக்க மாட்டேன். வார்டுல தினம் பாக்கறது போதாதா எனக்கு?"

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இந்த விஷயத்தில் அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

மனுஷன் விடவில்லை. நண்டு முழுசாக வெளியே தெரிந்தால் அழகில் மயங்கிவிடுவாள் என்று நம்பி, கல்லைச் சுத்தம் செய்து தரும் பெண்ணிடம் கொடுத்தார். அவள் பூதக்கண்ணாடியும் ஊசியுமாக ஆறு வாரம் சுரண்டினாள். டிப்போவில் வண்டியை விட்ட கையோடு இவர் போய், அவள் தோளுக்குப் பின்னால் நின்று உயிரை வாங்கினார்.

ஏழாவது வாரம் அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது நண்டே இல்ல."

"என்னம்மா சொல்ற? எட்டுக் காலும் ரெண்டு கொடுக்கும் இருக்கே!"

"எல்லாம் இருக்கு. உள்ள ஆள்தான் இல்ல. முதுகு ஓடு பின்பக்கம் மூடி மாதிரி தூக்கிட்டு இருக்கு பாருங்க. நண்டு வளரும்போது பழைய ஓட்டை இப்படித் திறந்துட்டுதான் வெளிய வரும். இது அது கழட்டிப் போட்ட ஓடு."

டிரைவருக்கு முகம் தொங்கிவிட்டது. முழு நண்டு என்று டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்றே! வீட்டில் சொன்னால் மனைவி சிரித்தே மானத்தை வாங்கிவிடுவாள். மறைக்கலாம் என்றால், பொய் சொல்லும்போது அவருக்குக் காது சிவந்துவிடும்.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கல்லை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்போ இது சாகலையா?"

"இங்க சாகல. வெளிய வந்து, இன்னும் பெருசாகி, நடந்து போயிருக்கு."

"இத்தனூண்டு சந்து வழியாவா? எட்டுக் காலையும் உருவிக்கிட்டா?" அந்த இடுக்கை விரல் நுனியால் தடவினாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து டிரைவர் பதறிப்போனார். "ஒண்ணுமில்லங்க. ஒண்ணாவது எழுந்து வீட்டுக்குப் போச்சேன்னு இருக்கு."

டிவி பக்கத்திலிருந்த பூ ஜாடியை நகர்த்திவிட்டுக் கல்லை அங்கே வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, வெளிச்சம் படும்படி திருப்பியும் வைத்தாள்.

சாயங்காலம் எட்டிப்பார்த்த எதிர்வீட்டு அக்கா மூக்கைச் சுளித்தாள். "ஐயே, செத்த நண்டா?"

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"யாரு சொன்னா? இங்க வாங்கக்கா, முதுகைப் பாருங்க, எப்படித் தப்பிச்சிருக்குன்னு காட்டறேன்!"

அரை மணி நேரம் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. இவ்வளவு சந்தோஷமாக அவர் எங்கேயும் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை.