ஒரெஸ்டை எதிர்த்து நின்ற காலம்

ஒரெஸ்ட் பாபியாக்கை எதிர்த்து நான்கு தேர்தல்களில் நின்றேன். நான்கிலும் தோற்றேன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் எங்கள் தொகுதிக்கு அவரைத் தவிர வேறு சட்டமன்ற உறுப்பினரைத் தெரியாது. கல்யாணமோ சாவோ, பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது தேர்தலில், விவாதக் கூட்டத்துக்குப் போகும் வழியில் என் கார் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. பின்னால் வந்த வண்டியிலிருந்து ஒரெஸ்ட் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா வெர்னா, பள்ளத்துல யாருகிட்ட ஓட்டுக் கேக்கற? முயலுகிட்டயா?"

"முயலாவது எனக்குப் போடும். கதவத் திறங்க, குளிருது."

வழி நெடுகச் சண்டை போட்டபடியே போய்ச் சேர்ந்தோம். மேடையேறியதும், "என்னை வண்டியிலயே கிழிச்சுட்டா. மிச்சம் மீதிதான் உங்களுக்கு" என்றார். அரங்கமே சிரித்தது.

பிறகு அவர் மந்திரியானார். அவர் கட்சி அரசாங்கமே எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூட முடிவெடுத்தது. ஊரைத் திரட்டி நான் கத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரெஸ்ட் என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"நாளைக்கு சட்டசபையில அத எதிர்த்து ஓட்டுப் போடப்போறேன்."

"மந்திரி பதவி போயிடுமே?"

"போகட்டும். என் சம்சாரம் ஓல்கா அங்கதான் கண்ண மூடினா. கடைசி வரைக்கும் ஜன்னல் வழியா எங்க வயலையே பாத்துக்கிட்டிருந்தா. அத மூட நான் கை தூக்கணுமா?"

பதவி போனது, கட்சியும் போனது. ஆஸ்பத்திரியை எப்படியும் மூடிவிட்டார்கள். அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்று மறுபடியும் என்னைத் தோற்கடித்தார். அந்த ஒரு தோல்விக்கு மட்டும் நான் அழவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் ஜெயித்தேன். முதல் ஆளாக வீட்டுக்கு வந்து, "ஆஸ்பத்திரிய திறக்காம என் முகத்துல முழிக்காத" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

வருஷங்கள் ஓடி, பழைய இடத்திலேயே ஒரு சிறிய மருத்துவமனை திறந்தோம். சுற்றிப் பார்த்தவர், "இத்தனூண்டுக்கா இவ்வளவு நாள்?" என்றார்.

"நீங்க மூடவிட்டதத்தான் நான் திறந்திருக்கேன்!"

டாக்டர் வந்துதான் எங்களை விலக்கினார்.

போன வசந்தத்தில், அங்கேயே, வயலைப் பார்த்த கட்டிலில் ஒரெஸ்ட் போய்விட்டார். இப்போது சட்டமன்றத்தில் எதிர் வரிசைக்காரர்கள் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.